சத்தத்தோடு விழும் துளை

"சத்தம் வராம ஓட்டை போடறதைப் பாத்து வாங்கியிருக்கலாம்," என்றார் அந்தப் பெரியவர். டெல்லியில் மயூர் விஹார் போகும் மெட்ரோவில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள், அறுபது தாண்டிய கணவனும் மனைவியும். அந்த அம்மாளின் மடியில், கரோல் பாக்கில் வாங்கிய இரும்புப் பஞ்ச்கள் இருந்தன. தோல் பெல்ட்டில் துளை போடுபவை.

"கடைக்காரப் பையன் பிளையர் மாதிரி ஒண்ணு காட்டினானே. அமுக்கினா போதும்."

"அது மெல்லிசுத் தோலுக்கு. பெல்ட்டுக்கு இதை வச்சுச் சுத்தியலால அடிச்சாதான் ஓட்டை சுத்தமா விழும்."

"அடிச்சா கீழ் ஃப்ளாட்டுக்குக் கேக்கும். நம்மாத்துல தோல் வேலை நடக்கறதுன்னு சொசைட்டி பூரா பேசுவா."

"பேசட்டுமே. உங்க இடுப்புல இருக்கறது என்ன, வாழை நாரா?"

அவர் சட்டையை இழுத்துப் பெல்ட்டை மூடிக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஜாதில யாரும் இதைத் தொட்டதில்லைடி."

"கட்டிக்கலாம், தொடப்படாதா?" அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தவில்லை.



"சரி, எல்லாரும் ஆபீஸ் போனப்புறமாவது அடி," என்றார் அவர்.

"ஞாயித்துக்கிழமை காலம்பற, பால்கனியில உக்காந்து அடிக்கப்போறேன். அன்னிக்குத்தான் எல்லாரும் ஆத்துல இருப்பா."