என் வீட்டில் நடக்காத மூன்று பிரசவங்கள்

என் பெயர் சவரியார், தகப்பனார் பெயர் மரியசூசை, வயது நாற்பத்தேழு. சேலம் அம்மாபேட்டையில் குடியிருக்கிறேன். மூன்றாம் பாரம் வரை படித்து, லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறேன். போன வாரம் நாட்டு மருந்துக் கடை அர்த்தநாரி என்னை வழியில் நிறுத்தி, "பேரனாங்க, பேத்தியாங்க?" என்று கேட்டார். யார் எது கேட்டாலும் தலையாட்டும் என் வழக்கப்படி, "எல்லாம் ஆண்டவர் கிருபைங்க" என்று சிரித்துவிட்டு வந்தேன். என் ஒரே மகள் இசபெல்லாவுக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை என்பது வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு விசாரித்ததில், பதினைந்து வயதான என் மகன் ஞானதாஸும் அவன் கூட்டாளிகளும், மதுவிலக்கில் பிள்ளை பெற்றவர்களுக்கு மருந்தாக மட்டும் கிடைக்கும், கொஞ்சம் போதையுள்ள அரிஷ்டத்தை "அக்காளுக்குப் பிரசவம்" என்று சொல்லி வாங்கி, பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் குடித்துவந்தது தெரிந்தது. கடை மாற்றி மாற்றி வாங்கியதில் என் மகளுக்கு இந்த ஒரு வருஷத்தில் மூன்று பிரசவம் ஆகியிருந்தது.

அதன் பிறகு மதுவிலக்கு இன்ஸ்பெக்டரான தாங்கள் அர்த்தநாரியின் கடையைச் சோதனை போட்டபோது, சவரியார் வீட்டுப் பிரசவத்துக்குத்தான் கொடுத்தேன், அவரே ஒப்புக்கொண்டார் என்று அவர் சொன்னது பேட்டை முழுதும் பரவியது. மாதா கோவிலில் என் மகளின் கலியாண அறிவிப்பு ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்குள் யாராவது தடை சொன்னால் கலியாணம் நின்றுவிடும்.

அதன் பிறகு நேற்றுக் காலை மாப்பிள்ளையின் தகப்பனார், நாமக்கல் ஆரோக்கியசாமி, பஸ்ஸில் வந்து இறங்கினார். காபியைத் தொடாமல், "ஊர்ல என்னென்னமோ பேசறாங்களே, என்னங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மகன் கதவு மறைவிலிருந்து வந்து, "அரிஷ்டம் குடிச்சது நாந்தானுங்க மாமா. அக்கா பேரச் சொன்னதும் நாந்தானுங்க" என்றான். அவர் அவன் பக்கம் திரும்பி, "கசக்கலியா சாமி?" என்றார். "கசந்துச்சுங்க. கூட இருந்தவனுக முன்னால துப்ப முடியலீங்க" என்றான். அதன் பிறகு அவர் காபியைக் குடித்து, "ஓலைய நிறுத்த வேண்டாமுங்க. சாமியார்கிட்ட நானே பேசிக்கறேன்" என்றார்.

அவர் போன பிறகு இசபெல்லா தம்பியிடம், "மூணு பெத்த உடம்புடா, குனிய முடியல. கலியாணம் வரைக்கும் தண்ணி பூரா நீயே தூக்கு" என்றாள். அவன் தூக்கிக்கொண்டிருக்கிறான்.

ஆகவே என் வீட்டில் பிரசவம் எதுவும் நடக்கவில்லை என்று இதில் பதியவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அர்த்தநாரி பொய் சொல்லவில்லை. தலையாட்டியது நான்.

இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள்; நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று ஐயா கேட்பதால் சொல்கிறேன். சம்பந்தியார் கேட்டபோது, "பையன விட்டு வாங்கிக் குடிச்சது நாந்தானுங்க" என்ற பொய்யை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். மகன் முந்திக்கொண்டதால் அதைச் சொல்லவில்லை.

(ஒப்பம்) ம. சவரியார்
சேலம், 14-6-1958