கடையில் கிடைக்காத மரை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, மேடம். ஒரு அட்டைத் துண்டு கொடுத்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன். வேண்டாமா? சரி. எதுவாவது ஆடினாலோ பொருந்தாமல் நின்றாலோ எனக்குக் கை சும்மா இருக்காது. என் மனைவி பெவர்லி வீட்டைவிட்டுப் போன அன்றுகூட அவள் பெட்டியின் பூட்டு சரியாக விழவில்லை. நான்தான் அரம் வைத்து ராவிச் சரிசெய்து கொடுத்தேன். காரில் ஏறும்போது அவள், "வெர்ன், நீ எதை வேணா எதோட வேணா பொருத்துவே. உன்னை எதோட பொருத்துறதுன்னுதான் எனக்குத் தெரியல" என்றாள். நியாயமான பேச்சு. கையசைத்து அனுப்பினேன்.

எங்கள் கடைசல் சங்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஊர்க்கோடியில் பழைய வெண்ணெய் ஆலைக் கட்டடம் இருக்கிறதே, அங்கேதான் சனிக்கிழமை காலையில் கூடுவோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர்கள். மரக்கட்டையைச் சுழலவிட்டுக் கிண்ணம் கடைவோம். கிண்ணம் வைக்க இனி இடமில்லை என்று பெண்சாதி திட்டுகிற வீட்டுக்கே அதை எடுத்தும் போவோம். எனக்குத் திட்டவும் ஆளில்லை.

சங்கத்துக்கு இருந்த கடைசல் எந்திரம் ஒரே ஒரு லேத். இந்த ஊரில் எப்போதோ மூடிவிட்ட ஒரு தொழிற்சாலை செய்தது. அவர்களுக்கு ஊர் உலகத்தோடு என்ன கோபமோ, வேறு யாருமே வைக்காத ஒரு அளவில் அதன் சுழலும் தண்டுக்கு மரை போட்டுவிட்டார்கள். கட்டையைக் கவ்விப் பிடிக்கிற சக் என்று ஒன்று உண்டு. கடையில் வாங்கிய எந்தச் சக்கும் எங்கள் தண்டில் ஏறாது. நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும், ஒரு பக்கம் தண்டின் மரை, மறுபக்கம் சக்கின் மரை. அதைச் செய்யத் தெரிந்தவன் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான்.

ஆகவே யார் என்ன வாங்கினாலும் என்னிடம்தான் வரவேண்டும். "வெர்ன், இதக் கொஞ்சம் பாரேன்" என்பார்கள். அதைக் கேட்பதற்காகவே வாரம் முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்திருக்கிறேன். மற்றபடி என்னைத் தொலைபேசியில் கூப்பிடுபவர்கள் என் கார் காப்பீட்டைப் பற்றிக் கவலைப்படுகிற முன்பின் தெரியாதவர்கள்தான். அவர்களோடும் கொஞ்ச நேரம் பேசுவேன்.

சங்கத் தலைவர் ட்வேன் ப்ரிபில் நல்ல மனுஷன். அதுதான் சங்கடமே. அவனைப் பிடிக்காதவர்கள் யாரும் கிடையாது. அப்படிப்பட்டவன்மேல் கோபப்பட்டால் நாம்தான் கெட்டவனாகத் தெரிவோம். பனி உருகி முடிந்த ஒரு சனிக்கிழமை எழுந்து நின்று பேசினான்.

"இந்தக் கிழட்டு லேத்தோட மல்லுக்கட்டுனது போதும்ப்பா. புதுசு ஒண்ணு வாங்குவோம். கடையில வாங்குன சக்கு நேராப் போய் ஏறி உக்காரும். நம்ம வெர்ன் பாவம், எத்தனை வருஷமா நம்ம எல்லாருக்கும் மாரடிக்கிறான். இனிமே நிம்மதியா மீன் பிடிக்கப் போகட்டும்."

"அவன் தூண்டிலுக்கும் அடாப்டர் போடுவான்டா" என்றான் மெர்ல். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சம்மதமுள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றதும் அத்தனை பேரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். மரியாதை தெரிந்தவன். ஆனால் வயிறு பற்றி எரிந்தது, மேடம். பெவர்லி போனபோதுகூட அப்படி எரியவில்லை.

பழைய லேத்துக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். அதில் ட்வேன் ஒரு பெரிய மேப்பிள் கிண்ணம் கடைந்து காட்டுவதாக ஏற்பாடு. அவனுடைய சக் புதியது. "வெர்ன், கடைசியா ஒண்ணு போட்டுக் குடுத்துடேன்" என்று தோளில் கைபோட்டுக் கேட்டான். போட்டுக் கொடுத்தேன். என் ஆயுசில் நான் செய்தவற்றிலேயே அழகான அடாப்டர் அது.

லேத் முன்னோக்கிச் சுற்றும்வரை எல்லாம் தானாக இறுகிக்கொள்ளும். பின்னோக்கிச் சுற்றினால் கழலும். ட்வேன் உப்புத்தாள் தேய்க்கும்போது மரம் வழவழப்பாக வரவேண்டும் என்று எப்போதும் பின்னோக்கித்தான் ஓட்டுவான். அதற்காகவே அடாப்டரின் பக்கவாட்டில் ஒரு குட்டித் திருகு போட்டுத் தண்டோடு பூட்டுவது வழக்கம். அன்று அந்தத் திருகு என் சட்டைப்பையில் இருந்தது. வயசாகிவிட்டது, மறந்துவிட்டேன் என்று உங்கள் போலீஸ் ஆட்களிடம் சொன்னேன். நம்பினார்கள். இந்த முகத்துக்கு அந்த ஒரு வசதி உண்டு.

அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் இப்போது வீட்டில் இருந்திருப்பேன். நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். "சார், இந்த அடாப்டரைச் சக்கிலேருந்து எங்களால கழட்ட முடியல. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?" என்றீர்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஓடிவந்தேன். எந்தப் பக்கம் திருகவேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வி. நான் மரையின் அளவில் தொடங்கி ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டேன். அடாப்டரின் திருகுத் துளையில் ஏன் கறுப்பு மெழுகு இருக்கிறது என்று உங்கள் ஆய்வுக்காரர் கேட்டார். "திருகு உள்ளே இருப்பதுபோல் தெரிவதற்கு" என்று விளக்கினேன். அறையில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். என் திறமையைப் பார்த்து அசந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய மடையனை உங்கள் சர்வீஸில் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஒப்புக்கொள்கிறேன், மறந்தவன் மெழுகு வைக்கமாட்டான். ஆனால் சக் கழன்று கீழே விழும், எல்லாரும் பதறுவார்கள், வெர்ன் இல்லாமல் ஒன்றும் ஆகாது என்று புரிந்துகொள்வார்கள் என்பதுதான் என் கணக்கு. கண்ணாடி முகக்கவசத்தை அவன் தூக்கிவிட்டிருந்ததுதான் வினை. தூசிக்கு மூக்குமூடி போட்டால் அவனுக்குக் கவசம் இறங்காது. இரண்டும் சேர்ந்து பொருந்துகிற மாதிரி ஒன்று செய்து தரட்டுமா என்று நானே அவனிடம் முன்பு கேட்டிருக்கிறேன்.

"பூட்டிட்டியா வெர்ன்?" என்றான். "பூட்டியாச்சு" என்றேன். பின்னோக்கி ஓட ஸ்விட்சைத் தட்டினான். பெரிய சத்தம் ஒன்றுமில்லை, யாரோ கதவை அறைந்து சாத்தியதுபோல் இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் ட்வேன் போய்விட்டான்.

கடைசியாக ஒன்று சொல்கிறேன், எனக்குச் சாதகமாக இருப்பதை மறைப்பானேன். அவன் மனைவி லவோன் முன்வரிசையில் லேத்துக்கு நேராகக் காபியோடு உட்கார்ந்திருந்தாள். ட்வேன் உப்புத்தாளைக் கையில் எடுத்ததும் நான் அவளிடம் போனேன். "லவோன், இங்க ஒரே தூசியா பறக்கும். சுவரோரமா வந்துரும்மா" என்றேன். நாற்காலியை நானே தூக்கிப்போய்ப் போட்டேன். அங்கே அது ஆடியது. அட்டையை மடித்துக் காலுக்கடியில் கொடுத்தேன். நானும் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். முன்வரிசையிலேயே இருந்த மெர்லை மட்டும் கூப்பிடவில்லை, தூசி அவனை ஒன்றும் செய்யாது. சக்கோடு கழன்ற கிண்ணம் ட்வேனை அடித்துவிட்டு எகிறி, மெர்லின் முழங்காலை உடைத்துக்கொண்டு, லவோன் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் போய் விழுந்தது.

இதை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கொல்ல நினைக்கிறவன் இவ்வளவு பொறுப்பாக நடந்துகொள்வானா?