ஐம்பது தீவு தெரிந்தவர்

எண்ணூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். டோல்கேட் தாண்டியதும் அப்பா சொன்ன ஒன்றைக் கேட்டபிறகு, என் காதை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்க முடியவில்லை.

“தீவாம், பெரிய தீவு. எனக்கு அம்பது தீவு தெரியும். ஒண்ணுலயும் கால் வெச்சதில்ல.”

“அதுக்கு நான் இன்னா பண்றது, நைனா? வியட்நாம்ல டீச்சர் வேல ரெண்டு மாசம் கழிச்சுதான். அதுக்குள்ள முதுவுல ஒரு பைய மாட்டிகினு இந்தோனேசியா தீவெல்லாம் சுத்திட்டு, அப்பிடியே போய் வேலைல சேந்துக்கறேன்.”

“தனியாவா?”

“நீ மட்டும் ஊரையே கூட்டினு போனியா? இருபது வருசம் கப்பல்ல கெடந்தியே, ஒருவாட்டி கூடவா எறங்கல?”

“சமையக்காரன் எறங்கிட்டா சோறு யாரு ஆக்குவா? ஜன்னலாண்ட நின்னு வெங்காயம் அரிஞ்சுகினே பாப்பேன். தென்னமரம், வெள்ள மணலு. ஒரு வூட்டாண்ட கொடில துணி காயும். அப்பால கப்பல் திரும்பிக்கும்.”

மகள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“நீயும் வாயேன் நைனா. ஒரு பத்து நாளு.”

“நான் எதுக்கு? ஆக்கிப் போடவா?”

“எறங்கறதுக்கு.”

திருவொற்றியூர் வரும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

“பாஸ்போர்ட்ட புதுப்பிக்க எத்தினி நாளாவும்?”