முள்ளு பின்னால வந்த மதியம்

இல்ல மேடம், நின்னுக்கினே சொல்லிடறேன். உக்காந்தா நீட்டிக்கினு போவும். பாலத்த டெஸ்ட் பண்ணப்ப இந்த நோட்டுல நம்பர் எழுதுனது இன்ஜினியர் தாமோதரன் சார் இல்ல. நான். ஏழப் பாருங்க, நடுவுல கோடு இருக்கா? அப்டிதான் போடுவேன். டீச்சர் திட்டுவாங்க.

பொய் நம்பர் எழுதி பாஸ் போட்டாரு, அதான் பாலம் உடைஞ்சுதுன்னு அவரப் புடிச்சு உள்ள வெச்சிருக்கீங்க. அவரு கெட்டவரு இல்ல. கத்துவாரு, அவ்ளோதான்.

என் பேரா? சுபஸ்ரீ. துளசிங்கம் பொண்ணு. பதினொண்ணாவதுல நின்னுட்டேன். இன்னா காரணம்னா, புடிக்கல. வேற ஒண்ணும் இல்ல.

படகுல ஆடாம உக்காரணும், நம்பர் படிக்கணும். அதுக்குதான் என்னைக் கூப்ட்டாரு. பாலத்து மேல மணல் லாரி நாலு நிப்பாட்டிட்டாங்க. கீழ ஏரிச் சேத்துல சவுக்குக் கம்பு நட்டு, அதும்மேல கடிகாரம் மாதிரி ஒரு மீட்டரு. பாலம் எவ்ளோ தொங்குதோ அவ்ளோ முள்ளு ஏறும். பத்தத் தாண்டுனா பெயிலு. உங்களுக்குத் தெரியாததா, நான் போய்ச் சொல்றேன் பாருங்க.

அன்னிக்கு எங்க பாடு மேடம். பாடுன்னா முறை. இன்னிக்கு இந்த எடத்துல இவங்கதான் வலை கட்டணும்னு ஊர்ல சீட்டுப் போட்டு எடுப்பாங்க. அன்னிக்கு விட்டா, அடுத்தது வர இருபது நாளு ஆவும். டெஸ்ட்டு நடக்குதுன்னு எவன் விடுவான்? எங்க கம்பு சேத்துல நிக்கவே இல்ல. மீட்டருக் கம்புதான் ஜம்முனு நின்னுது. அதுல கட்டியாச்சு. வலை தண்ணிக்குள்ள இருக்கு, கரையிலேர்ந்து பாத்தா தெரியாது.

காலையில முள்ளு எட்டு. பதினொரு மணிக்கு ஒம்பது தாண்டிச்சு. சார் சாப்புடப் போய்ட்டாரு. அப்பாலிக்கா தண்ணி கடலப் பாக்க இழுக்க ஆரம்பிச்சுது. வலையில எறா செம்மையா ஏறிச்சு. கம்பு சாஞ்சு கொஞ்சம் எறங்கிச்சு. கம்பு எறங்குனா மீட்டரும் கூடவே எறங்கும் இல்ல? முள்ளு பின்னால வந்துச்சு. ஏழு.

லாரி நாலும் அப்டியே நிக்குது. லோடு எறங்காம முள்ளு எப்டி எறங்கும்? தெரிஞ்சுது மேடம். தெரியலன்னு பொய் சொல்ல மாட்டேன். சொல்லியிருந்தா சார் வலைய அறுத்து வுடுன்னிருப்பாரு. பாடு போய்டும். ஏழுன்னு எழுதிட்டேன். நெஜமா எவ்ளோ தொங்குச்சோ, இனிமே யாருக்கும் தெரியாது. சார் வந்து நோட்டப் பாத்துட்டு, ஏழா, பரவால்லியேன்னாரு. படகுல ஏறி ஒருவாட்டி பாத்திருக்கலாம். பாக்கல. அது அவரு தப்பு, அத்த வேணா எழுதிக்குங்க.

கட்டுனது யாரா? நைனா இல்ல. அவரு இழுத்துக் கட்டுன்னாரு, நான் கட்டுனேன்.

இல்ல, யாரும் மெரட்டிக் கூட்டிக்கினு வரல. பாலம்தான் இல்லியே, படகுல இக்கரை வந்து பஸ் புடிச்சு பொன்னேரி வந்தேன்.

ஆமா, பாலம் உடைஞ்சப்ப ஐஸ் வண்டியோட தண்ணிக்குள்ள போன அந்த முத்துராஜ்தான். பேப்பர்ல வெறும் டிரைவர்னு போட்டாங்க. எங்க அண்ணன். தண்ணி வேணாம் மேடம், அழுகையெல்லாம் வரல. நைனாதான் வாயத் தொறக்காதன்னாரு. ஒருத்தன் போய்ட்டான், நீயாவது வீட்ல இருன்னாரு. அதான் இவ்ளோ நாள் வரல.

எழுதிட்டீங்களா? படிச்சுக் காட்டுங்க.