மாமன் மடியும் நைட்ரஜன் காற்றும்

செங்கம் ரோட்டு பஞ்சர் கடையில் கடைக்காரர் இருந்தார். வெள்ளைக் கார் ஓட்டி வந்தவர் இருந்தார். அவர் தங்கை இருந்தாள். அவள் இடுப்பில், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை இருந்தது. அடுத்து மொபெட்டோடு நான்.

காரின் முன் டயர் பாதி இறங்கியிருந்தது. கடைக்காரர் காற்றுக் குழாயை எடுத்ததும் கார்க்காரர் தடுத்தார்.

“வேணாம். உள்ள இருக்கறது நைட்ரஜன். அதுல சாதா காத்த கலக்கக் கூடாது. பைபாஸ் பங்க்ல போய்ப் புடிச்சிக்கறேன்.”

தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னாண்ணா பேசற? அடி அண்ணாமலை கோயில்ல ஆசாரி ஊசியோட உக்காந்துனு இருக்காரு. தாய்மாமன் மடி இல்லாம காது குத்துவாங்களா? நீ பங்க் தேடிப் போறியா?”

“அட இரும்மா. அது சுத்தமான காத்து. குறையவே குறையாது.”

“குறையாமத்தான் இங்க வந்து நிக்கறமா? காத்துல கூட ஒசத்தி கண்டுபுடிச்சிட்டியா? எங்க வூட்டுக்காரரு ஆட்டோ இந்தக் காத்துலதான் ஓடுது. பாப்பா பொறக்க ஆஸ்பத்திரிக்கு அதுலதான் போனேன். அன்னிக்கு உன் கார் வரல.”

குழந்தை மாமன் சட்டைப் பையை எட்டிப் பிடித்து இழுத்தது.

கடைக்காரர் குழாயைக் கீழே வைக்காமல் இருவருக்கும் பொதுவாகக் கேட்டார்.

“எவ்ளோ காத்து வெக்கட்டும்?”

தங்கை அண்ணனையே பார்த்தாள். அவர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“முப்பத்திமூணு.”