மொதலாளியோட வெங்கலக் கை

தாராபுரத்துல இருந்து திருப்பூருக்கு வந்த பஸ்சுல, எனக்கு முன்சீட்டுல ஒரு பனியன் கம்பெனி மொதலாளியும் அவரு சம்சாரமும். காரு ரிப்பேராம், அதனால நம்மகூட ஒக்காந்து வந்தாங்க.

"திருப்பூருல ஆபரேசன் பண்ற டாக்டரு ஒருத்தரு, பெரிய மனுசங்க கையை வெங்கலத்துல வார்த்து ஊட்டுல வெக்கிறாரு. நாளைக்கு என் கையை அச்செடுக்கறாராமா," அப்படின்னாரு அவரு.

"உங்க கை எதுக்குங்க?"ன்னு அந்தம்மா கேட்டுச்சு.

"பள்ளிக்கூடம் கட்டிக் குடுத்த கையாச்சே. ரேகைகூடத் தப்பாம அச்சுல உளுகுமாம்."

அந்தம்மா சன்னல் பக்கமிருந்து திரும்புச்சு. அப்பறம், "ஏனுங்க, என்னைய அடிச்சதும் அதுல தெரியுமுங்களா?"ன்னு கேட்டுச்சு.

சுத்தி ஒக்காந்திருந்த சனம் திரும்பிப் பாத்துச்சு. நான் மட்டும் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன்.

"மெதுவாப் பேசு. அது எப்பவோ நடந்தது."

"போன செவ்வாக்கெளமைதானுங்க."

பஸ்சு ரெண்டு ஸ்டாப்பு தாண்டிருச்சு. அப்பறம் அவரா, "செரி, வலது கை வேண்டாம். எடது கையை எடுத்துக்கச் சொல்றேன்," அப்படின்னாரு.

"அதுலதானுங்க என் முடியைப் புடிச்சுக்குவீங்க," ன்னுச்சு அந்தம்மா.