விளக்கு எரியாத பெட்டி

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவளுக்கு அதுவும் நல்லதுதான். நிதானமாகவே சொல்கிறேன். பக்கத்து அறையில் என் சின்ன மகளிடம், "அப்பாவ ஏம்மா அடிச்சே?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுவர் வழியாகக் கேட்கிறது. அவளுக்குப் பதில் தெரியாது. எனக்குத் தெரியும்.

எனக்கு வேலை எலிகளோடு. பதற்றம் மூளையில் எப்படிக் குடியேறுகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் மூத்த உதவியாளர். அங்கே இரண்டு பெட்டிகள் உண்டு. இரண்டிலும் கம்பித் தரை, இரண்டிலும் ஒரே அளவு மின்சாரம், ஒரே நேரத்தில் பாயும். ஒரு பெட்டியில் மட்டும் அதற்குச் சற்று முன்னால் ஒரு சின்ன விளக்கு எரியும். அவ்வளவுதான் வித்தியாசம். விளக்குள்ள பெட்டியின் எலி, விளக்கு எரியாதபோதெல்லாம் நிம்மதியாகத் தின்னும், தூங்கும். மற்றதற்கு எந்த நொடியும் அந்த நொடிதான். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிக்கு, பயத்தின் ஹார்மோனை ஊற்றச் சொல்லி மூளை ஓயாமல் ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கும். வயிறு புண்ணாகும். சுவரை விட்டு நகராது. வலி பெரிதில்லை, ஐயா. எப்போது வரும் என்று தெரியாததுதான் அரிக்கிறது.

என் கணவருக்குக் குழாய் பழுது பார்க்கும் வேலை. கைசுத்தம், வேலைசுத்தம், தெருவில் நல்ல பெயர். குடித்துவிட்டு அடிக்கிறவராக இருந்தால் வாசனையை வைத்தாவது தெரிந்துகொள்ளலாம். அவர் அதைத் தொடவே மாட்டார். கல்யாணமான புதிதில் என்னை அடித்தார். பிறகு அலுத்துப்போய்ப் பிள்ளைகளிடம் வந்துவிட்டார். இரட்டைப் பெண்கள். சில நிமிஷம் முன்னால் பிறந்ததற்காகப் பெரியவள், சின்னவள்.

அவரிடம் ஓர் அடையாளம் இருப்பதைக் கண்டுபிடித்தது நான்தான். சமையலறை ஜன்னலில் நின்றால் அவர் பைக்கை நிறுத்துவது தெரியும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால் வீட்டில் சிரிப்பு இருக்கும். தலையிலேயே வைத்துக்கொண்டு படியேறினால் அன்றைக்குக் கை நீளும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. கண்டுபிடித்த அன்று எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பெரியவளை மட்டும் கூப்பிட்டுச் சொன்னேன். ஹெல்மெட்டோடு வந்தால் காலி ஜாரை மிக்ஸியில் வைத்து மூன்று தரம் விட்டுவிட்டு ஓட்டுவேன். கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேஜை இழுப்பறையில் வை, பின்னலைச் சுருட்டி இறுக்கக் கொண்டை போடு. ஓடி ஒளிய வேண்டாம், ஒளிந்தால் இன்னும் ஆத்திரம் வரும். அடி விழத்தான் செய்யும், தயாராக நின்று வாங்கிக்கொள்.

"சின்னவகிட்டயும் சொல்லிடலாம்மா. பாவம்மா அவ," என்றாள்.

"அவ ஓட்டவாய்டி. உளறிட்டான்னா அதுக்கும் சேத்து வாங்கணும்," என்றேன்.

அது பொய்யில்லை. சின்னவள் வாயில் எதுவும் தங்காது. அன்றைக்கு என் மனதில் அந்தக் காரணம் மட்டும்தான் இருந்தது என்று நம்புகிறேன்.

அடி இருவருக்கும் ஒன்றுதான். அதில் அவர் ஓரவஞ்சனை பார்க்கமாட்டார். பெரியவளை அடித்த பெல்ட்டால் அதே கையோடு சின்னவளையும் அடிப்பார். ஆனால் மூன்றே மாதத்தில் பெரியவள் சதை போட்டாள், வகுப்பில் முதலாவதாக வந்தாள். சின்னவள் கூடத்தின் நடுவில் நடப்பதை விட்டுவிட்டாள். தண்ணீர் குடிக்க வருவதென்றாலும் சுவரை ஒட்டியேதான் வருவாள். அவள் மூக்குக்கண்ணாடி மாதம் ஒன்று உடையும். "தங்கச்சி கண்ணாடிய கடிச்சுத் திங்குதா?" என்று கடைக்காரர் கிண்டல் செய்வார். நானும் சிரிப்பேன்.

அப்போதுதான் எச்சில் எடுக்க ஆரம்பித்தேன். பல் தேய்க்கும் முன்னால் இருவரும் ஆளுக்கொரு பஞ்சை மெல்ல வேண்டும். ஈறுக்கு நல்லது என்று சொல்லியிருந்தேன். பயத்தின் ஹார்மோன் எச்சிலிலேயே தெரிந்துவிடும். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக் கருவியிலேயே ஓட்டிப் பார்த்தேன். பெரியவளுடையது சாதாரணம். சின்னவளுடையது வானத்தில் நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. எலியிடம் பார்த்ததை அப்படியே மனிதர்களிடம், அதுவும் ஒரே கருவில் வளர்ந்த இருவரிடம், யார் பார்த்திருக்கிறார்கள்?

ஒருநாள் சின்னவள் காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே, "அக்கா எப்படிம்மா கரெக்டா அன்னைக்கு மட்டும் கொண்டை போடுறா?" என்று கேட்டாள். அவள் மட்டி இல்லை. மறுநாளிலிருந்து சும்மா நாட்களிலும் மிக்ஸியை நாலு தரம், இரண்டு தரம் என்று மாற்றி மாற்றி ஓட்டினேன். பெரியவள் எண்ணிக்கொள்வாள். சின்னவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. கேட்பதையும் நிறுத்திவிட்டாள். ராத்திரி பல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும் என் அறைவரை வரும்.

நேற்றுச் சாயங்காலத்துக்கு வருகிறேன். அவர் ஹெல்மெட்டோடு படியேறினார். ஜாரை வைத்துவிட்டேன், விரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தவில்லை. பழகிப்போன எச்சரிக்கை ஒருநாள் வராமல் போனால், இத்தனை நாள் சேர்ந்த தைரியம் நிற்குமா, சரியுமா? அதை எப்போதாவது பார்த்துத்தானே ஆக வேண்டும்.

பெரியவள் கண்ணாடியோடு, பின்னலைத் தொங்கவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பின்னலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு அவளைத் தூக்கினார். முகம் மேஜை விளிம்பில் மோதியது. கண்ணாடி உடைந்து கண்ணுக்குள் போயிற்று. மறுபடியும் மோத வைத்தார். அவள் கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், மிச்சமிருந்த ஒரு கண்ணால்.

சின்னவள் மூலையில் சுருண்டு கிடப்பாள் என்று எதிர்பார்த்தேன். விளக்கில்லாத எலி அப்படித்தான் கிடக்கும். அவளோ சுவரை விட்டு வந்தாள். கூடத்தின் நடுவாகவே வந்தாள். அவருடைய சாமான் பையிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்துப் பின்மண்டையில் போட்டாள். அவர் மண்டியிட்டார். "சின்னவளே, வேணாம்மா," என்றார். கனிவாகத்தான் சொன்னார். அவள் நிறுத்தவில்லை. மண்டை ஓடு உள்ளே போகிற சத்தம் கேட்ட பிறகும், முகம் என்று ஒன்று இல்லாமல் போன பிறகும் நிறுத்தவில்லை. கை வலித்ததும் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸில் பெரியவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னாள். "மிக்ஸி ஓடலையேம்மா." அந்தக் கண் இனிமேல் தேறாது என்கிறார்கள்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். கொன்றது சின்னவள் இல்லை, நான். அவளை அப்படி ஆக்கியது அவர் அடியில்லை, அதே அடியைத்தான் பெரியவளும் வாங்கினாள். அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேனே, அதுதான். அவளை விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏன் வெளியேறவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. போன மாதம் என் அண்ணன் வந்து, "மாடி காலியாத்தான் கெடக்கு. அவன் கையால சாகணுமா? புள்ளைங்களக் கூட்டிட்டு இன்னைக்கே வந்துடும்மா," என்று சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போனார். போயிருக்கலாம். நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை, ஐயா. ஆனால் பாதியில் நிறுத்தியிருந்தால், அதுவரை என் பெண்கள் இரண்டு பேரும் வாங்கிய அடியெல்லாம் வீணாகப் போயிருக்குமே.